நூற்றுப்பதினேழைக் கேட்டவள்

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் சென்னியப்பனுக்கு அந்தப் பொறாமை முதன்முதலாக வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி மணிமொழி, தட்டில் விரலால் கோடு இழுத்தபடியே, "இன்னிக்கு அவன் நொம்ப அமைதியா இருந்தானுங்க" என்றாள்.

"எவன்?"

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். சொன்ன சொல் அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "நூத்திப்பதினேழுங்க" என்று சிரித்தாள். "வாய் தவறி வந்திருச்சு."

நூற்றுப்பதினேழு ஆளில்லை. அறுபது கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் கிடக்கும் ஒரு விண்மீன் மண்டலம். சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் பஞ்சுத் துணுக்குபோல ஒரு மங்கல், அவ்வளவுதான். ரேடியோ அலையில் பார்த்தால் கதை வேறு. நடுவில் நூறு கோடிச் சூரியன்களின் எடையோடு ஒரு கருந்துளை. அது எந்தக் காலத்திலோ இரண்டு பக்கமும் பீய்ச்சியடித்த தாரைகள் லட்சக்கணக்கான ஒளியாண்டு ஓடி, இரு முனையிலும் பெரிய மேகங்களாக உப்பி நிற்கின்றன. தாரைகள் நின்று பல காலமாகிவிட்டது. நடுவிலிருந்து ஒரு மெல்லிய முனகல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அந்த முனகலைக் கேட்பதுதான் மணிமொழியின் உத்தியோகம். ஒன்பது வருடமாகக் கேட்கிறாள்.

கடம்பூர் மலையில் கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவே நூறு ஆன்டெனாக்கள் நின்றன. வானத்திலிருந்து வரும் அலை அத்தனை மெல்லியது என்பதால் மலையில் செல்போன் கிடையாது, பெட்ரோல் வண்டி கிடையாது. யானைக்கு மின்வேலி போடவும் வழியில்லை. மாதம் ஒரு முறையாவது ஏதோவொரு யானை ஆன்டெனாத் தூணில் முதுகு தேய்த்து அதைச் சாய்த்துவிட்டுப் போகும். சென்னியப்பன் அங்கே கருவிப் பிரிவில் வேலை பார்த்தான். ஆன்டெனாவை நிமிர்த்துவதிலிருந்து வளையத்தைத் துடைத்து வைப்பதுவரை அவன் பொறுப்பு.

வளையம் என்பது கேட்பாளர்கள் தலையில் மாட்டிக்கொள்வது. வேடிக்கை பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயக்குநர் ரெபெக்கா அதை விளக்கும்போது சென்னியப்பன் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்றிருக்கிறான். ரெபெக்கா நாகர்கோவில்காரி. சத்தமாகப் பேசுவாள்.

"இந்த நூறு ஆன்டெனாலேருந்து ஒரு நாளைக்கு வரப்பட்டத சேத்து வைக்கணும்னா இந்த மலையையே குடைஞ்சாலும் இடம் காணாது, பாத்துக்கிடுங்க. அதனால முக்காவாசிய தூரப் போட்டுருவோம். எதைப் போட, எதை வைக்க? கம்ப்யூட்டர்ட்ட விட்டா, நாம சொல்லிக் குடுத்தத மட்டுந்தான் அது தேடும். நமக்கே தெரியாத புதுசு வந்தா? அதுக்குத்தான் மனுஷ மூளை. ஆன்டெனாலேருந்து வரத வளையம் நேரா மூளைக்குக் கடத்தும். வருஷக்கணக்கா ஒரே கேலக்ஸியக் கேட்டுக்கிட்டு இருக்கவங்களுக்கு, இன்னிக்கு ஏதோ சரியில்லன்னு உடனே தோணிரும். பெத்த பிள்ளை இருமினா தாய்க்குத் தெரியும்லா, அதுமாதி. உடனே கைப்பிடில இருக்க பட்டன அமுக்குவாங்க. அமுக்குனா அந்த நேரத்துப் பதிவு நிக்கும். அமுக்கலன்னா போச்சு. திரும்ப வராது."

அந்த நிலையத்தில் இப்படி ஆறு பேர் இருந்தார்கள். உலகம் முழுக்க அறுபது பேர். மாதக்கணக்கில் பயிற்சி, பிறகு ஆளுக்கொரு விண்மீன் மண்டலம். வேலையில் சேரும்போது வீட்டாருக்கு ஒரு கையேடு கொடுப்பார்கள். 'கேட்பாளர் சில மாலைகளில் பேசாமல் இருக்கலாம். அதைப் புறக்கணிப்பாகக் கருத வேண்டாம்' என்று அதில் நான்காம் பக்கத்தில் இருந்தது. சென்னியப்பன் அந்தப் பக்கத்தை அதிகமாகவே படித்துவிட்டான்.

ஒரு தடவை அவளிடம் கேட்டான். "அப்படி என்னதான் அம்மிணி கேக்குது அதுல?"

மணிமொழி ரொம்ப நேரம் யோசித்தாள். "கேக்கறதுன்னு சொல்லறதே தப்புங்க. வெயில்ல நடந்து வந்து ஈர மண்ணுல உள்ளங்கால வெச்சா, ஒண்ணு மேல ஏறும் பாருங்க. அந்த மாதிரி. ஆனா அது உசுரு இருக்கற மாதிரி. ஒவ்வொரு நாளும் ஒரு விதம்."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் தன்னைப் பற்றி அவள் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. மறுநாள் அறையில் ஆளில்லாதபோது வளையத்தை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல ஒரு இரைச்சல். அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின. அவனுடைய அக்கா மகள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் மணிமொழியின் விரல் சேலைத் தலைப்பில் எதையோ தாளம் தட்டிக்கொண்டிருந்தது. குளிர்விப்புப் பம்பில் அவன் கட்டைவிரல் நசுங்கி மருத்துவ அறையில் படுத்திருந்தபோது, அவள் ஓடி வந்தாள், அழுதாள், கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண் இரண்டு தடவை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஒன்பது மணிக்கு அவள் இருக்கையில் உட்கார வேண்டும். "போ அம்மிணி, எனக்கொண்ணுமில்ல" என்று அவனே சொன்னான். அவள் போய்விட்டாள். போகாமல் இருந்திருக்கலாம் என்று அவன் நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஆம்பளையோடு சுற்றுகிறாள் என்றால் ஊரைக் கூட்டலாம், அவனைப் பிடித்து நாலு அறை விடலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனி மாதம் பிறந்தபோது நிலைமை மோசமானது. மணிமொழிக்கு முகத்தில் ஒரு பளபளப்பு வந்தது. சாப்பாட்டின் நடுவே எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

"ரெண்டு வாரமா ஒரு மாதிரி இருக்குங்க" என்றாள். "மூச்ச இழுத்துப் புடிச்சுட்டு இருக்கறாப்பல. தாரை மறுபடி பொறக்கப் போகுதோ என்னமோ. அது பொறக்கற நேரத்த இதுவரைக்கும் ஒருத்தருமே கேட்டதில்ல, தெரியுங்களா? எல்லாரும் பொறந்து ஆயிரம் வருசம், லச்சம் வருசம் ஆனதத்தான் பாத்திருக்கறாங்க."

"நீ கேட்டுருவயா?"

"கேட்டா, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சென்னியப்பன் சாப்பிட்ட கையோடு வெளியே போய்ப் பைப்படியில் ரொம்ப நேரம் நின்றான். ஒன்றுமே வேண்டாம் என்றால் அதில் தானும் சேர்த்திதானே என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றான்.

அடுத்த திங்கட்கிழமை அது நடந்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை என்று பின்னாளில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஓரளவு உண்மைதான். தினமும் காலையில் வளையத்தைச் சரிபார்க்க, ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்து வைத்த பழைய பதிவொன்றைப் பத்து நிமிடம் ஓட விடுவார்கள். வளையம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் விசையை நேரடிக்கு மாற்றுவார்கள். அன்று மணிமொழி வந்து உட்கார்ந்தாள். பழைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வளையம் நெற்றியில் பதிந்ததும் அவள் முகம் இளகியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விசைமேல் கை வைத்திருந்த சென்னியப்பன் அந்த முகத்தைப் பார்த்தான்.

பழசுக்கும் இதே முகம்தானா?

கையை எடுத்துவிட்டான். நாலு மணி நேரமும் பழைய பதிவே ஓடியது. மேலே நூறு ஆன்டெனாக்களும் நூற்றுப்பதினேழைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்தது வந்தபடி அழிந்துகொண்டிருந்தது.

ஒரு மணிக்கு வளையத்தைக் கழற்றிவிட்டு அவள் வெளியே வந்தாள். சென்னியப்பன் எதிரே போய் நின்றான்.

"எப்படி இருந்துச்சு?"

மணிமொழி அவன் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ குதித்தது. ஒன்பது வருடமாம், உயிர் இருப்பதுபோலவாம், ஒவ்வொரு நாளும் ஒரு விதமாம். ஆறு மாதத்துப் பழையதைப் போட்டால்கூட இவளுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் அங்கே ஒன்றுமில்லை. எல்லாம் இவளாகக் கற்பனை செய்துகொள்வதுதான். இத்தனை நாள் ஒரு மிக்ஸி இரைச்சலைப் பார்த்தா நான் வெந்துகொண்டிருந்தேன்?

அன்று மாலை அவள் அவனோடு குடியிருப்புக்கு நிலையத்தின் டீசல் வண்டியில் வராமல், "நடந்தே போலாமுங்களா?" என்று கேட்டாள். ஆறு கிலோமீட்டர். வழியில் பலாமரத்தடியில் நின்றார்கள். "உங்களுக்கு வேல எப்படிப் போவுது? எதாச்சும் மனசுல இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். எத்தனை வருடம் கழித்து இப்படிக் கேட்கிறாள்! அவன் பம்பைப் பற்றிச் சொன்னான், யானையைப் பற்றிச் சொன்னான், கட்டைவிரல் நகம் வளைந்து முளைப்பதைக் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். விரல் எதன்மேலும் தாளம் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமையும் விசையை மாற்றவில்லை. முந்தைய மாலையைப் போல இன்னொரு மாலை வேண்டும் என்பதைத் தவிர அவன் மனதில் வேறு எதுவும் இல்லை. அவன் நினைத்ததுபோலவே கிடைத்தது. கம்பு தோசை சுட்டுப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து, "அப்பறம்?" என்று கேட்டாள். கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. நூற்றுப்பதினேழின் பேச்சே எழவில்லை. தான் செய்தது சரிதான் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. அந்தச் சனியன் காதைவிட்டு இறங்கினால் அவள் பழைய மணிமொழிதான். படுக்கப் போகும்முன் அவள் ஒரு தடவை, "வேற ஒண்ணும் சொல்லறதுக்கு இல்லீங்களா?" என்றாள். "இல்லயே, என்ன?" என்றான். "சும்மாத்தான் கேட்டனுங்க."

புதன்கிழமையும் பழைய பதிவுதான்.

அன்று மாலை நாலு மணிக்கு ரெபெக்கா கருவிக் கூடத்துக்கு ஓடி வந்தாள். மணிமொழி அங்கேதான் அவனுக்காகக் காத்திருந்தாள். ரெபெக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"மணிமொழி! காமாக் கதிர் சாட்டிலைட்லேருந்து தகவல் வந்திருக்கு. நூத்திப்பதினேழு முழிச்சுக்கிட்டு. புதுத் தாரை. காலைல பத்து நாப்பதுக்குத் தொடங்கியிருக்கு. உலகத்துல வேற ஒரு தொலைநோக்கியும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இல்ல, நாம மட்டுந்தான்! முதல் ரெண்டு மணி நேரம் நம்மகிட்டதான் இருக்கணும். நீ பட்டன அமுக்கிக் குறி போட்டிருக்கேல்லா?"

மணிமொழி மெதுவாகத் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த திருப்புளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போடலீங்க மேடம்" என்றாள் மணிமொழி.

"என்னது?"

"நான் கவனிக்கல."

ரெபெக்கா அங்கே கிடந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. மனிதகுலம் முதன்முறையாகக் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்த பெண் என்று அவள் படத்தைப் போட்டார்கள். டில்லியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்தது. சென்னியப்பனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். கருவியில் கோளாறு உண்டா? இல்லை என்றான். அது பொய்யில்லை. கருவியில் கோளாறு இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். குழு அறிக்கை கொடுத்துவிட்டது. மனித மூளையை நம்பிப் பதிவுகளை அழிப்பது அறிவியல் ஆகாது என்றது அது. கடம்பூரில் ஆறு பேருக்கும் வேலை போயிற்று. இரண்டே மாதத்தில் மற்ற நாடுகளும் அதையே செய்தன. அறுபது பேரும் வளையத்தைக் கழற்றினார்கள். கடம்பூர்க் கேட்பாளர்களில் ஒருவர் பதினெட்டு வருடம் ஒரே மண்டலத்தைக் கேட்டவர். அவர் மணிமொழிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் மடித்து வைத்தாளே தவிர, அவனிடம் காட்டவில்லை.

அவர்கள் கோபிச்செட்டிப்பாளையத்துக்கு வீடு மாறினார்கள். சென்னியப்பன் திங்கட்கிழமை மலை ஏறி வெள்ளிக்கிழமை இறங்கினான். மனைவி முழுசாகக் கையில் கிடைத்துவிட்டாள். அவள் சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முன்போல எதையாவது கேட்க மட்டும் இல்லை. அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தான். முன்பு அது மேலே எங்கேயோ இருந்தது. இப்போது வீட்டுக்குள்ளேயே, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பொறாமை குறையவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நான் தென்னாப்பிரிக்கா போறனுங்க. அங்க ஒரு குழு தனியா மறுபடி ஆரம்பிக்கறாங்க. கேக்கறதுக்கு நாலு பேரு. என்னைக் கூப்பிட்டிருக்கறாங்க."

சென்னியப்பனுக்கு முதலில் வந்தது கோபம். அந்தக் கோபத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டான். "அவ்வளவு பெருசாக் கோட்டை விட்டவள எதை நம்பிக் கூப்புடறாங்க?"

"பரீட்ச வெச்சாங்க" என்றாள். "போன மாசம் கோயமுத்தூர் போறன்னு மூணு நாள் போனனே, அதுக்குத்தான். பழைய பதிவையும் நேரடியையும் மாத்தி மாத்திப் போடுவாங்க. எது பழசு, எது இப்ப வர்றதுன்னு சொல்லோணும். முப்பது தடவ போட்டாங்க. முப்பதும் சொல்லிட்டன்."

"எவ்வளவு நேரங் கேட்டு?"

"அஞ்சு விநாடி. அதுக்கு மேல தேவப்படாதுங்க."

காம்பிலிருந்து இலையை உருவுவதை அவள் நிறுத்தவில்லை. சென்னியப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப... அன்னிக்கு..."

"திங்கக்கிழமையே தெரியுமுங்க. அந்தப் பதிவ எடுத்த அன்னிக்கு உக்காந்து கேட்டவளே நாந்தானுங்களே. அடுத்து என்ன வரும்னு எனக்கு மனப்பாடம்."

"தெரிஞ்சும் நல்லா இருந்துச்சுன்ன?"

"விசை உங்க கையில. மறந்துட்டீங்களா, வேணும்னே பண்ணுனீங்களான்னு முகத்தப் பாத்தன். தெரிஞ்சு போச்சு. சரி, சாயங்காலம் சொல்லுவீங்கன்னு நெனச்சன். அதுக்குத்தான் நடந்து போலாம்னன். செவ்வாக்கிழம ராத்திரி வரைக்கும் கேட்டுக் கேட்டுப் பாத்தன். புதன்கிழமயும் ஒண்ணும் சொல்லாம உக்காந்தன். இன்னிக்காச்சும் சொல்லிருவீங்கன்னு."

"அது எந்நேரமும் பொறக்கலாம்னு உனக்குத் தெரியுமே! விட்டுட்டுப் பேசாம உக்காந்திருந்தயா?"

இப்போதுதான் அவள் கீரையைக் கீழே வைத்தாள். "தெரியும். அங்க என்ன நடக்குதோன்னு அடிச்சுக்கிச்சுங்க. ஆனா அந்த மூணு நாளும் காதுல இருந்தது பழசு. அதுல கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நான் உங்களத்தான் கேட்டுட்டு இருந்தனுங்க."

தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தக் குழுகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"சொல்லியிருந்தா உங்களை ஜெயில்ல போட்டிருப்பாங்க. அதுவுமில்லாம, தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தவ நானு. மத்த அம்பத்தொம்பது பேர்த்துக்கு நான் என்ன பதில் சொல்லுவன்? உங்க தப்பு பாதி, என்ற தப்பு பாதி."

அன்று மதியம் சாப்பிடாமல் சென்னியப்பன் ஒரு கடிதம் எழுதினான். நடந்ததை நடந்தபடி, திங்கள், செவ்வாய், புதன் என்று நாள் போட்டு எழுதினான். அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தான். மணிமொழி பேனாவை வாங்கி, அவன் விட்டதைக் கடைசியில் தன் கையெழுத்தில் நாலு வரி எழுதிச் சேர்த்தாள். பிறகு ஒட்டினாள்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. சென்னியப்பனுக்கு வேலை போயிற்று, வழக்கு வந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பாதிக் கேட்பாளர்கள் வேறு பிழைப்புக்குப் போயிருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் குழு கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு மாதம் யோசித்து, மணிமொழியை எடுத்துக்கொள்வதாகவே எழுதியது. வேறொரு மண்டலம் கொடுத்தார்கள். எண் இருநூற்று நாலு. புதிதாக முதலிலிருந்து பழக வேண்டும்.

விமான நிலையத்தில் அவள் அவன் கட்டைவிரலைப் பிடித்து, கோணலாக வளர்ந்த நகத்தைத் தடவிப் பார்த்தாள். "வழக்கு முடிஞ்சா வாங்க" என்றாள். வரச் சொல்கிறாளா, சும்மா சொல்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கு அந்த மாதிரிக் காது கிடையாது.

இப்போது சென்னியப்பன் கோபியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனில் பேசுவாள். இருநூற்று நாலைப் பற்றி உற்சாகமாகச் சொல்வாள். அது முரடாம், பிடி கொடுக்க மாட்டேன் என்கிறதாம். அவன் கேட்டுக்கொள்கிறான். அதன்மேல் அவனுக்குக் கோபமில்லை. நூற்றுப்பதினேழின் மேலும் இல்லை.

ஆனால் பொறாமை போகவில்லை. பலாமரத்தடியில் நின்று, பம்பைப் பற்றியும் யானையைப் பற்றியும் வாய் ஓயாமல் உளறிக்கொண்டிருந்தானே ஒருவன், அறுபது கோடி ஒளியாண்டுத் தூரத்தையும் விட்டுவிட்டு ஒருத்தி தன்னையே கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதுகூடத் தெரியாமல், அவனை நினைத்தால்தான் சென்னியப்பனுக்கு இன்றும் வயிறு எரிகிறது.